கடலோரத்தில் லான் வளர்க்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சாயங்காலம் சென்னை ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கத்துத் தெருக்களில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரே காட்சிதான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஹோஸைப் பிடித்தபடி ஒருவர் லானை நனைத்துக்கொண்டிருப்பார். வேலை முடிந்து வந்து அப்படி நிற்பது ஒரு சுகம். நானும் நாலு வருஷம் நின்றவன்தான். அந்தச் சுகத்தில் என் கொரியன் புல் இரண்டு முறை அழுகிப்போனது.

வெயில் தாழ்ந்து ஊற்றினால் தண்ணீர் ஆவியாகி வீணாகாது என்பது நம் கணக்கு. உள்நாட்டு ஊர்களில் அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். கடலோரத்தில் ராத்திரிக் காற்றே ஈரம். ஆறு மணிக்கு நனைந்த புல் மறுநாள் வெயில் ஏறும்வரை காயாது. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? விடியற்காலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஊற்றிவிடுங்கள். இலைமேல் நிற்கும் பனியும் கழுவிக்கொண்டு போகும், எட்டு மணி வெயிலில் எல்லாம் காய்ந்தும் விடும்.

இதன் கூடப்பிறந்த தவறு ஒன்று உண்டு. லானில் பழுப்பு வட்டம் தெரிந்ததும் 'காயுது போல' என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றுவது. ஊற்றுவதற்கு முன் குனிந்து பாருங்கள். தாகம் என்றால் இலை மடிந்து, நிறம் கொஞ்சம் நீலம் பாய்ந்திருக்கும். மிதித்தால் கால்தடம் நிமிராமல் அப்படியே கிடக்கும். பூஞ்சை என்றால் வட்டத்தின் ஓரத்தில் ஓர் இலையை இழுத்ததும் அடி அழுகி, வழுவழுவென்று கையோடு வந்துவிடும். அதிகாலையில் சிலந்திவலை மாதிரி வெள்ளை நூல் படர்ந்திருப்பதும் உண்டு. புல்லே பாய் மாதிரி சுருட்டிக்கொண்டு வந்தால் கீழே வேரைத் தின்னும் வெள்ளைப் புழு இருக்கும். மைனாவும் கொக்கும் ஒரே இடத்தைத் தினமும் கொத்துகின்றனவா? அதே சந்தேகம்தான். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. தண்ணீர் தீர்ப்பது தாகத்தை மட்டும்.

எவ்வளவு ஊற்றுவது? தினமும் ஐந்து நிமிஷம் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும், மே மாத வெயிலில் முதலில் கருகுவது அதுதான். கோடையில் வாரத்துக்கு ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் போதும். மணல் நிலம் ஈரம் பிடிக்காது என்பதால் அதை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். அளக்க, நேரான பக்கமுள்ள டப்பா ஒன்றை லான் நடுவே வைத்து ஸ்பிரிங்க்லரைத் திறந்துவிட்டு, அதில் தேங்கும் தண்ணீரின் உயரத்தைப் பார்த்தால் சரி. வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் டைமரை நிறுத்த மறக்காதீர்கள். நவம்பர் அடைமழையில் ஸ்பிரிங்க்லரும் சேர்ந்து சுற்றும் வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

உப்பு விஷயத்துக்கு வருவோம். கடலோரத்தில் கோடை முற்ற முற்ற நிலத்தடி நீர்மட்டம் இறங்கி, போர் தண்ணீரில் உப்பேறும். இலை நுனி கருகுவதும் மண்மேல் வெள்ளையாகப் பூப்பதும் அதன் அடையாளம். இது போதாதென்று நாமே இரண்டு வழியில் உப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். ஒன்று, ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீர். வீணாக்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் அதைப் பக்கெட்டில் பிடித்து லானுக்கு ஊற்றுவார்கள். குடிநீரிலிருந்து பிரிந்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. போர்ட்டிகோ கழுவ வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று சாப்ட்னர், அதாவது கடினத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி. மொட்டைமாடித் தொட்டிக்கு முன்னால் சாப்ட்னர் வைத்திருந்தால் குழாயில் வருவது கால்சியம் போய் சோடியம் ஏறிய தண்ணீர். தலைமுடிக்கு நல்லது, மண்ணுக்கு ஆகாது. தோட்டக் குழாயைச் சாப்ட்னருக்கு முன்னாலிருந்தே தனியாக இழுக்கச் சொல்லுங்கள். பிளம்பருக்கு அரை நாள் வேலை.

உப்புத் தண்ணீரைத் தவிர்க்கவே முடியாது என்றால், கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் கொடுப்பதுதான் இருப்பதிலேயே மோசம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு வேர்ப்பக்கமே தங்கும். இடைவெளி விட்டு, தேவையைவிடக் கூடுதலாக ஒரே மூச்சில் ஊற்றினால் உப்பு வேருக்குக் கீழே இறங்கிவிடும். மணல் நிலத்தின் ஒரே நல்ல குணம் இதற்கு உதவும். கோடை மழை ஒன்று பெய்தால் அது வரப்பிரசாதம். ஜிப்சம் போடச் சொல்வார்கள். களிமண்ணில் சோடியம் சேர்ந்திருந்தால் அது பலன் தரும், வெறும் மணலில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

புல் போடும்போதே நடக்கும் தவறு, மணல்மேல் ஒரு லோடு செம்மண்ணைக் கொட்டிப் பரப்பிவிட்டு அதன்மேல் களிமண்ணோடு வந்த புல் சீட்டை ஒட்டுவது. தனித்தனி அடுக்காக நிற்கும் மண்ணில் தண்ணீர் சீராக இறங்காது, வேர் மேலடுக்கிலேயே சுற்றும். மட்கிய சாணத்தோடு மணலையும் செம்மண்ணையும் அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிட்டுப் போடுங்கள். நிழலில் கொரியன் புல் வேண்டவே வேண்டாம். மாமரத்தடியில் அதை மூன்று முறை மாற்றி நட்டவர்கள் இருக்கிறார்கள். அரை நிழலென்றால் அகல இலை பஃபலோ புல் தாங்கும். முழு நிழலென்றால் கல் பதித்துவிட்டு நாற்காலி போடலாம். வெயிலும் உப்பும் உள்ள இடத்துக்கு என் ஓட்டு அருகம்புல்லுக்கு. 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று வாழ்த்திவிட்டு, வாசலில் மட்டும் கொரியன் தேடுகிறோம்!

வெட்டுவதில் ஒரே விதி: ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் எடுக்காதீர்கள். மழைக்காலத்தில் மூன்று வாரம் விட்டுவிட்டு ஒரேயடியாக மொட்டையடித்தால் வெளுத்த தண்டுதான் மிஞ்சும். பிளேடு மழுங்கினால் இலை கிழிந்து, நுனி பழுத்து, லான் முழுக்க நோய் வந்தமாதிரி தெரியும். ஈரப்புல்லில் மெஷினை ஓட்டினால் பூஞ்சையை நாமே ஊரெல்லாம் பரப்பிவிட்ட கணக்கு.

யூரியாவைக் கைநிறைய அள்ளி வீசுவதும் வேண்டாம். 100 சதுர அடிக்கு 100 கிராமுக்குமேல் ஒரே தடவையில் போகக் கூடாது. இலை ஈரமில்லாமல் இருக்கும்போது தூவி உடனே தண்ணீர் விட வேண்டும். அடைமழைக்கு முந்தின நாள் போட்டால் பாதி மணலோடு கீழே போய்விடும். மீதி, புல்லைத் தளதளவென்று வளர்த்துப் பூஞ்சைக்கு விருந்து வைக்கும்.

கடைசியாக, கோரை. செம்மண் லோடோடு வந்து சேரும் விருந்தாளி. வெட்டின இரண்டாம் நாளே மற்ற புல்லைத் தாண்டித் தலை நீட்டும். மேலே பிடுங்கினால் தழை கையோடு வரும், மண்ணுக்குள் கிழங்குகள் மாலை மாதிரி கோத்துக் கிடக்கும். நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்கு விற்கிறார்களே, அதே கிழங்கு. களைக்கொல்லி என்று கேட்டால் கடையில் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது கிளைஃபோசேட். அது கோரை எது, லான் எது என்று பார்க்காது. மழை பெய்து மண் இளகிய நாளில் களைக்கொத்தியை ஆழமாக இறக்கிக் கிழங்கோடு எடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விடாமல் எடுத்தால் கிழங்கில் சேமித்த சத்து தீர்ந்து வேகம் குறையும். என் வீட்டில் ஒன்றரை வருஷம் ஆனது. கிழக்கு மூலையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.