தெரிந்து மீறியதா, தெரியாமல் தவறியதா? மாணவர் இசை இதழில் சறுக்கும் இடங்கள்

பிரிட்டனில் மீடியா ஸ்டடீஸ் (ஊடகப் பாடம்) எடுத்துப் படித்தவர்களிடம் கேட்டால், பாதிப்பேர் வீட்டில் ஒரு கற்பனை இசை இதழ் கிடக்கும். ஓசிஆர் தேர்வு வாரியத்தின் ஏ.எஸ். (பள்ளி இறுதி ஆண்டுக்கு முந்தைய ஆண்டு) பாடத்தில் பல ஆண்டுகள் இருந்த செய்முறை வேலை அது. அச்சு வேலையைத் தேர்ந்தெடுத்தால், புதிதாக ஒரு இசை இதழுக்கு அட்டை, பொருளடக்கம், எதிரெதிர்ப் பக்கங்களில் விரியும் ஒரு கட்டுரை ஆகியவற்றைச் செய்ய வேண்டியிருந்தது. படமும் எழுத்தும் சொந்தமாக இருக்க வேண்டியிருந்தது, குறைந்தது 4 படங்கள். எல்லாம் முடிந்தபின் ஒரு கேள்வி: உண்மையான இதழ்களின் மரபுகளை உங்கள் இதழ் எப்படிப் பயன்படுத்துகிறது, வளர்க்கிறது, அல்லது மீறுகிறது?

அந்த ‘மீறுகிறது’தான் வினை. கோணலாகிப்போனது, மறந்துபோனது, நேரமில்லாமல் விட்டது எல்லாம் அந்தக் கணக்கில் ஏறிவிடும். பார்கோடு இல்லையா? மீறல். தலைப்பு படிக்க முடியவில்லையா? துணிச்சலான மீறல்! பக்க வடிவமைப்பே என் பிழைப்பு என்பதால், தெரிந்தவர்களின் பிள்ளைகள் இப்படிச் சில இதழ்களைக் காட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் சறுக்கும் இடங்கள் ஒன்றேதான்.

ஒரு பையன் கொண்டுவந்த அட்டை இன்னும் கண்ணில் நிற்கிறது. சாம்பல் நிற ஹூடி, கையில் கிடார், பின்னால் செங்கல் சுவர். படம் நன்றாகவே இருந்தது. ஆனால் இதழின் பெயரில் மொத்தம் ஐந்து எழுத்து, நடு மூன்றும் அவன் நண்பனின் தலைக்குப் பின்னால் போய்விட்டன. கேட்டால், “என்எம்இ, ரோலிங் ஸ்டோன் எல்லாம் அப்படித்தானே செய்யும்?” என்றான். செய்யும்தான், இரண்டும் பெயர்பெற்ற பழைய இசை இதழ்கள். 1952இல் தொடங்கிய என்எம்இயின் பெயரை ஒரு மூலை தெரிந்தாலே வாசகர் கண்டுபிடித்துவிடுவார். நேற்றுப் பிறந்த இதழுக்கு அந்த வசதி கிடையாது. படத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி, முடி நுனி மட்டும் ஒரு எழுத்தைத் தொடும்படி வைத்தோம். ஆள் முன்னால் நிற்கும் தோற்றமும் போகவில்லை, பெயரும் பிழைத்தது.

பெயர் மேலே அகலமாகத்தான் ஓட வேண்டும் என்று கட்டாயமா? இல்லை. 1986 முதல் 2020 வரை வந்த க்யூ இதழைப் பாருங்கள். சிவப்புக் கட்டத்துக்குள் ஒரே ஒரு வெள்ளை எழுத்து, இடது மேல்மூலையில். கடைத் தட்டில் இதழ்களை ஒன்றின்மேல் ஒன்று சரித்து அடுக்கும்போது வெளியே தெரிவது பெரும்பாலும் இடது ஓரம்தான். ஆக, பெயரைச் சுருக்கினாலும் கடையில் தெரிய வேண்டிய இடத்தில் அது தெரிந்தது. மாணவர்கள் பெயரை வலது கீழ்மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு ‘வித்தியாசம்’ என்பார்கள். வைக்கட்டும், ஆனால் தட்டில் அந்த இதழை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கும் ஒரு பதில் வேண்டும்.

அப்புறம், எழுத்துரு. ஒரே அட்டையில் ஏழெட்டு எழுத்துரு போட்டுவிட்டு டேவிட் கார்சனை சாட்சிக்கு அழைப்பார்கள். அமெரிக்காவின் ரே கன் இசை இதழை வடிவமைத்தவர் அவர். 1994இல் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி ஒன்று சப்பென்று இருக்கிறது என்று, மொத்தக் கட்டுரையையும் வெறும் குறியீடுகள் கொண்ட ஸாஃப் டிங்பாட்ஸ் எழுத்துருவில் அடித்துவிட்டார். ஒரு சொல்கூடப் படிக்க முடியாது. இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே இதழின் கடைசியில் அந்தப் பேட்டி படிக்கிற எழுத்திலும் அச்சாகியிருந்தது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அந்த ஆளே வாசகருக்கு ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார், நாம் ஏன் அடைக்க வேண்டும்? இரண்டு எழுத்துரு, மிஞ்சினால் மூன்று. தலைப்புக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஆட்டம் போடலாம், கட்டுரையின் எழுத்து அமைதியாக இருக்கட்டும்.

பங்க் (1970களின் கரடுமுரடான ராக் இசை) பாணி என்று சொல்லிக் கிழித்து ஒட்டுகிறவர்கள் தனிச் சாதி. 1976இல் லண்டனில் மார்க் பெர்ரி நடத்திய ஸ்னிஃபின் க்ளூ போன்ற கைப்பிரதி இதழ்கள் தட்டச்சும் மார்க்கர் பேனாவும் நகலெடுக்கும் இயந்திரமுமாக வந்தன. கையில் கிடைத்ததை வைத்துச் செய்ததால் வந்த அழகு அது. அதைக் கணினியில் கொண்டுவந்து, கிழிந்த காகித ஓரத்தைப் பளபளப்பான ஸ்டுடியோ படத்தின்மேல் ஒட்டினால் இரண்டும் ஒட்டாது. அந்த வழிதான் என்றால் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கி, உண்மையிலேயே ஒருமுறை நகலெடுத்து ஸ்கேன் செய்யுங்கள். விலையையும் பாருங்கள். கைப்பிரதித் தோற்றத்துக்கு 5 பவுண்டு என்று போட்டால் வாங்குபவர் யார்?

படம் எடுக்கும்போதே அட்டையை நினைத்து எடுப்பதில்லை என்பது இன்னொன்று. ஃபோனைப் படுக்கைவாட்டில் பிடித்து எடுத்துவிட்டு, பிறகு நெடுக்காக இழுப்பார்கள், முகம் முருங்கைக்காய் மாதிரி நீளும். நெடுக்காக எடுங்கள், தலைக்கு மேலும் ஒரு பக்கமும் இடம் விடுங்கள், அட்டையின் தலைப்பு வரிகள் அங்கேதான் உட்காரும். ஏ4 அளவுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வரும், மூலக் கோப்பையே வாங்கிக்கொள்ளுங்கள். பாடகர் கேமராவை நேராகப் பார்ப்பது மரபு, தட்டைக் கடந்துபோகிறவரை நிறுத்துவது அந்தக் கண்தான். பார்வையைத் திருப்புகிறீர்களா? சரி, அப்படியானால் நிறமோ தலைப்போ அந்த வேலையைச் செய்ய வேண்டும். அந்த ‘மீறுகிறது’ கேள்விக்கு எழுத வேண்டியதும் இதையேதான்: எதை நீக்கினேன், அது செய்த வேலையை இப்போது எது செய்கிறது.

பெட்டிக்குள் பெரிதாக எடுத்துப் போடும் மேற்கோள் கட்டுரைக்குள் எங்கேயும் இல்லாமல் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். கட்டுரையைச் சுருக்கும்போது அந்த வரி போயிருக்கும், பெட்டி மட்டும் மிஞ்சியிருக்கும்.

கடைசியாக, பக்க எண். விரியும் கட்டுரைக்கு 23, 24 என்று போட்டிருப்பார்கள். கையில் ஏதாவது ஒரு இதழைப் பிரித்துப் பாருங்கள்: இடது பக்கம் இரட்டைப்படை, வலது பக்கம் ஒற்றைப்படை. 23உம் 24உம் ஒரே தாளின் முன்னும் பின்னும், எதிரெதிரே வரவே வராது. இதை மீறல் என்று வாதாட வழியே இல்லை. 24, 25 என்று மாற்றுங்கள். மாற்றிய கையோடு பொருளடக்கத்தையும் திறந்து பாருங்கள், பழைய 23 அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கும்.