நிறைவையும் வெறுமையையும் ஒரே மரத்தில் வரைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூத்துக் குலுங்கும் பிளம்பாயான் (குல்மோகர்) மரம், அதன் அடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்த ஒரு ஆள். மொரீஷியஸில் இயற்கையைக் குறியீடாக வரைய வருகிறவர்களில் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். நாங்கள் பழகிய காலத்திலும் இதே கதைதான். கோடு கோணுவது, பிரஷ் கழுவாமல் விடுவது எல்லாம் கைப்பழக்கத்தில் சரியாகிவிடும். கீழே உள்ளவை தானாகச் சரியாகாது.

பாதி பசுமை, பாதி பட்டமரம்

வேண்டாம். பார்ப்பவர் ஒரு நொடியில் புரிந்துகொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

வெறுமையைக் கடைசிக்குத் தள்ளுவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான். கேன்வாஸ் முழுக்க இலையும் பூவுமாக நிரப்பிவிட்டு, அப்புறம் வெறுமைக்கு இடம் தேடுவார்கள்.

வகுப்புக்கு வரும் ஒரு அக்கா, பாம்ப்ளமூஸ் தாவரவியல் தோட்டத்துத் தாளிப்பனையை வரைந்தார். அருமையான தேர்வு. 30 முதல் 80 வயதுக்குள் ஒரே ஒரு முறை பூக்கும் மரம் அது. உச்சியில் பல மீட்டர் உயரத்துக்குப் பூங்கொத்து எழும்; லட்சக்கணக்கில் பூக்கள். தண்டில் இத்தனை வருஷம் சேர்த்த மாவுச்சத்து முழுக்க அதற்கே செலவாகும். காய் முற்றியதும் மரம் பட்டுப்போகும்.

அக்கா பூங்கொத்தைக் கொழிக்க வைத்துவிட்டார். பிறகு, வெறுமை வேண்டுமே என்று படத்தின் நடுவில் டைட்டானியம் வெள்ளையால் ஒரு வட்டம் போட்டார். அடியில் பச்சை எண்ணெய் வண்ணம் இன்னும் காயவில்லை. வெள்ளையில் கலந்து அழுக்கானது. மேலே மேலே பூசி ஒரு முழு டியூப் தீர்ந்தது. வெளியூரிலிருந்து வரும் சரக்கு, என்ன விலை விற்கிறது! கடைசியில் அந்த இடம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் கிடந்தது. கேன்வாஸும் போச்சு.

"அக்கா, வெறுமை தண்டுக்குள்ளேயே இருக்கே, வெளியே எதுக்குத் தேடுறீங்க?" என்றேன்.

எந்த இடம் காலி என்பதைப் பென்சிலைத் தொடும் முன்பே முடிவு செய்யுங்கள். இந்த மரத்தில் அது தண்டு. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பர் பழுப்பும் கலந்த சாம்பலை டர்பன்டைன் விட்டு நீர்க்கக் கரைத்து ஒரே பூச்சு பூசி, துணியால் ஒற்றி எடுங்கள். கேன்வாஸின் இழை தெரிய வேண்டும். அதன்மேல் வேறு எதுவும் வேண்டாம். பூங்கொத்துக்கு மட்டும் வண்ணத்தைத் தடிப்பாக வையுங்கள். அவ்வளவு பூவையும் மெலிதாகப் பூசிய இந்தத் தண்டு சுமக்கிறது என்பது கண்ணில் படும்.

வெறுமைக்குக் கறுப்பு

டியூப் கறுப்பு கனமாக உட்காரும். காலியாகத் தெரியாது.

தாமரை, அகல்விளக்கு, ஓம்

இந்தச் சின்னங்களைச் சேர்க்காதீர்கள். மரத்தை நம்புங்கள்.

போட்டோவை வைத்தே முடிப்பது

எடுக்கிறவர் கண் பூமேல்தான் இருக்கும். தாளிப்பனையில் காய்ந்து தொங்கும் மட்டைகள் போட்டோவுக்குள் வராது. 5 மீட்டர் அகலம் வரை விரியும் இலையின் அளவும் அதில் பிடிபடாது. நேரில் போங்கள். அப்போது எந்த மரமும் பூக்கவில்லையா? சரி, பூக்காத மரத்தின் தண்டை வரைந்து பழகுங்கள்.