கிளி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், புதிதாகக் கிளி வாங்கியவர்களிடமிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். பிள்ளைகள் அடம்பிடித்தார்கள் என்று வாங்கியவர்களே அவர்களில் அதிகம். நாங்கள் பறவை வளர்க்கத் தொடங்கிய காலத்தில் எங்கெங்கே தடுமாறினோமோ அதே இடங்களில்தான் அவர்களுடைய கேள்விகளும் வந்து நிற்கின்றன. கூண்டைக் கொளுத்தும் வெயிலில் வைக்கக் கூடாது, தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், பூனை நுழையும் சன்னலை அடைக்க வேண்டும் என்பவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன். கீழே உள்ளவை விவரம் தெரிந்தவர்கள்கூடச் செய்யும் தவறுகள். நம் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் கிடைக்கும் பட்ஜி, காக்டீல், ஆப்பிரிக்க லவ் பேர்ட், கன்யூர் ஆகியவற்றை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

பச்சைக்கிளியை வாங்குதல்

வாங்காதீர்கள். செந்தார்ப் பைங்கிளி, பெரிய பச்சைக்கிளி உள்ளிட்ட நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். 'வீட்டிலேயே பொரித்த குஞ்சு' என்று விற்பவர் சொல்லும் சமாதானம் வனத்துறையிடம் எடுபடாது. வெளிநாட்டு இனங்களிலும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ், சன் கன்யூர் போன்றவை வன உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால், 2024இல் வந்த விதிகளின்படி அவற்றை ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜிக்கும் காக்டீலுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை.

மின்விசிறி

பறவை கூண்டுக்கு வெளியே இருக்கும்போது அறையில் மின்விசிறி ஓடக் கூடாது.

தீனி பழகாத குஞ்சை வாங்குதல்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சந்தையில் 'ஹேண்ட் ஃபீட் குஞ்சு' என்று கேட்டால், முள் இறகு குத்திட்டு நிற்க, தலையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருக்கும் மூன்று வாரக் குஞ்சு ஒன்றை அட்டைப் பெட்டியில் வைத்து, ஒரு சிரிஞ்சையும் ஒரு பொட்டலம் மாவையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். விலையும் தானாகத் தின்னும் பறவையைவிடக் குறைவாக இருக்கும். "இப்பவே எடுத்தாதான் சார் உங்களைத் தாய்னு நினைக்கும், பெருசானா கடிக்கும்" என்ற பேச்சும் தவறாமல் கூடவே வரும். எத்தனை ஆண்டுகள் ஆனாலும் இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு வரும் எரிச்சல் குறைவதில்லை. குஞ்சை மூன்று வாரத்தில் கூட்டிலிருந்து எடுத்துவிட்டால் தாய்ப்பறவை விரைவில் அடுத்த ஈட்டுக்கு முட்டை வைத்துவிடும். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை ஊட்டும் உழைப்பும், ஊட்டுவதில் குஞ்சு செத்தால் வரும் நட்டமும் வாங்குபவர் தலையில் விழுந்துவிடும். பாசத்தின் பெயரால் விற்கப்படுவது உண்மையில் விற்பவரின் வசதிதான்.

ஒரு கல்லூரி மாணவர் தம் காக்டீல் குஞ்சைச் செருப்புப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணா, குடிச்சதெல்லாம் வாந்தி எடுக்குது" என்றார். குஞ்சின் நெஞ்சில் இறகெல்லாம் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தபோது, கழுத்துக்குக் கீழே, விழுங்கிய உணவு முதலில் தங்கும் தீனிப்பையின் மேல் மிளகளவில் கரும்பழுப்புப் பொருக்கும், அதன் ஓரத்தில் ஒரு துளையும் தெரிந்தன. குஞ்சு வாந்தியே எடுக்கவில்லை. ஊட்டிய மாவு அந்தத் துளை வழியே வெளியே கசிந்துகொண்டிருந்தது. அவர் அலட்சியக்காரர் அல்லர், ஒவ்வொரு முறையும் விரலால் சூடு பார்த்துவிட்டுத்தான் ஊட்டியிருக்கிறார். ஆனால் மைக்ரோவேவில் சூடாக்கிய மாவு ஓரத்தில் வெதுவெதுப்பாகவும் நடுவில் கொதிப்பாகவும் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. இப்படிச் சுட்ட அன்றைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. பல நாள் கழித்தே தோல் செத்துப் பொருக்குக் கட்டித் துளை விழும். செத்த தோலின் எல்லை தெளிவாகப் பிரிந்த பிறகுதான் மருத்துவர் அதை வெட்டித் தைக்க முடியும் என்பதால், அதுவரை சிறுகச் சிறுக ஊட்டிக் குஞ்சை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அந்தக் குஞ்சு பிழைத்தது. அதற்கு ஆன செலவில், தானாகத் தின்னும் காக்டீல் ஜோடி ஒன்றைக் கூண்டோடு வாங்கியிருக்கலாம்.

ஊட்டும் மாவின் சூடு ஏறத்தாழ 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். 43ஐத் தாண்டினால் தீனிப்பை வெந்துவிடும். மிகவும் ஆறிப்போனால் குஞ்சு வாங்க மறுக்கும், வாங்கியதும் செரிக்காமல் தங்கிவிடும். இவ்வளவு குறுகிய இடைவெளியை விரல் அறியாது. டிஜிட்டல் வெப்பமானி இல்லாத வீட்டில் ஊட்டவே கூடாது.

தீனிப்பை 24 மணி நேரத்தில் ஒரு முறையாவது முழுதாகக் காலியாக வேண்டும். இரவின் கடைசி ஊட்டுக்கும் காலையின் முதல் ஊட்டுக்கும் நடுவில் அது நடக்க விட வேண்டும். குஞ்சு கத்துகிறதே என்று பழைய மாவின் மேல் புதிய மாவை ஊட்டினால் உள்ளே புளித்துப் பூஞ்சை பிடிக்கும். குஞ்சின் வாயருகே மூக்கை வைத்தாலே புளித்த வாடை தெரியும். கைக்குழந்தைகளுக்கான டின் உணவைக் கரைத்து ஊட்டுவதும் இங்கே பரவலாக நடக்கிறது. வளரும் கிளிக்குஞ்சுக்கு வேண்டிய புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் போதாது.

இவை எல்லாவற்றையும்விட வேகமாகக் கொல்வது மூச்சுக்குழலில் மாவு போவது. கிளியின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. தீனிப்பையோ கழுத்தின் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால்தான் சிரிஞ்சைக் குஞ்சின் இடப்பக்க வாயோரத்தில் வைத்து வலப்பக்கம் நோக்கிச் செலுத்துகிறார்கள். குஞ்சு தலையை ஆட்டி விழுங்கும் நேரத்தில் மட்டுமே அழுத்த வேண்டும். சிரிஞ்சு இறுகித் திடீரென்று விடுபட்டால், ஒரு மில்லி மாவே குஞ்சின் உயிரைக் கையிலேயே முடித்துவிடும். கொஞ்சமாகப் போனால் நிமோனியாவாக மாறி, சில நாட்கள் இழுத்தடித்துச் சாகும்.

இத்தனையையும் தாண்டி வந்த குஞ்சுகளும் கடைசிப் படியில், அதாவது ஊட்டுவதை நிறுத்தும் கட்டத்தில், பட்டினியால் சாகின்றன. 'தட்டில் கொத்திக்கொண்டுதானே இருக்கிறது' என்று நம்பி ஊட்டுவதை நிறுத்திவிடுவார்கள். பழகும் குஞ்சு விதையை எடுக்கும், நாக்கில் உருட்டும், கீழே போடும், விழுங்காது. தட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் உமி இருக்காது, முழு விதைகள்தாம் சிதறிக் கிடக்கும். நெஞ்சைத் தடவினால் நடு எலும்பு கத்தி முனைபோல் விரலில் தட்டும். காக்டீல் ஆறு முதல் பத்து வாரத்திலும், சாம்பல் கிளி மூன்று நான்கு மாதத்திலும் தீனி பழகும் என்பதெல்லாம் பொதுக் கணக்கு. நாட்காட்டியைப் பார்த்து நிறுத்தக் கூடாது. கிராம் தராசைப் பார்த்து நிறுத்த வேண்டும். காலையில் வெறும் வயிற்று எடையைத் தினமும் எழுதி வைத்து, அது பத்து விழுக்காட்டுக்கு மேல் சரிந்தால் மீண்டும் ஊட்ட வேண்டும்.

கையால் ஊட்டாவிட்டால் பழகாது என்ற வாதத்துக்கு வருகிறேன். அது உண்மையன்று. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெற்றோரே வளர்த்த அமேசான் கிளிக்குஞ்சுகளைத் தினமும் சற்று நேரம் கையில் எடுத்துப் பழக்கியபோது அவை மனிதரிடம் அச்சமின்றி நடந்துகொண்டதை 1999இல் வெளியிட்டார்கள். நம் ஊரிலும் அக்கறையுள்ள வளர்ப்பாளர்கள் இதைத்தான் செய்கிறார்கள்: பெட்டியிலிருந்து குஞ்சை நாளுக்கு இரு முறை எடுத்துக் கையில் வைத்திருந்துவிட்டுத் தாயிடமே திருப்பி வைக்கிறார்கள். கிளிக்குஞ்சுகள் தாமாகத் தின்னும் முன் அவற்றைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க நெதர்லாந்தில் சட்டப்படியே தடை இருக்கிறது. இங்கே அப்படி ஒரு விதி வரும்வரை வாங்குபவர்கள்தாம் மறுக்க வேண்டும்.

வாங்கப் போகும்போது அரைமணி நேரம் கூண்டின் முன் நில்லுங்கள். நீங்கள் கேட்கும் குஞ்சு விதையை உடைத்து உமியைத் துப்புகிறதா, தண்ணீர்க் கிண்ணத்துக்குத் தானே போகிறதா, ஆளைக் கண்டதும் தலையை ஆட்டிக் கெஞ்சாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அரைமணி நேரத்தை விற்பவர் தர மறுத்தால் வேறு இடம் பார்க்கலாம். வீட்டுக்கு வந்த பறவையை முதல் வாரம் தொந்தரவு செய்யாமல் விட்டு, பிறகு கம்பிக்கு வெளியிலிருந்து தினைக்கதிரை நீட்டத் தொடங்கினால், கதிரின் காம்பு சிறுகச் சிறுகக் குட்டையாகிப் பறவை உங்கள் விரல் நுனிவரை வந்து கொத்தும். பெற்றோர் கைவிட்ட குஞ்சுக்கு ஊட்டித்தான் ஆக வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் அந்த வேலையை ஊட்டத் தெரிந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்ற பிறகே செய்ய வேண்டும். காணொளி பார்த்துச் செய்யக் கூடியதன்று அது.

கூண்டுக்குள் பானை

பட்ஜி தூங்குவதற்கு என்று கூண்டில் மண்பானை கட்டி விடுகிறார்கள். பட்ஜி பானையில் தூங்குவதில்லை, குச்சியில் உட்கார்ந்துதான் தூங்கும். பானை அதற்கு முட்டை வைக்கும் இடம். துணையே இல்லாத பெட்டையும் பானையைக் கண்டால் அடுக்கடுக்காக முட்டை வைக்கத் தொடங்கும். ஒவ்வொரு ஓட்டுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதன் எலும்பிலிருந்தும் போகிறது. கடல் நுரை எனப்படும் கணவாய் ஓட்டைக் கூண்டில் மாட்டியிருந்தாலும் ஈட்டின் மேல் ஈடு போனால் அது ஈடுகொடுக்காது. ஒரு நாள் அந்தப் பெட்டை கூண்டின் தரையில் உப்பி உட்கார்ந்து, மூச்சுக்கு ஒரு முறை வாலை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டதன் அடையாளம் அது. விளக்கெண்ணெய் வைத்தியத்துக்கு அங்கே நேரமில்லை, சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும். குஞ்சு எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் பானை, மரப்பெட்டி, தேங்காய்க் கூடு எதுவும் வேண்டாம்.

புகை

நான்-ஸ்டிக் பாத்திரம் அளவு மீறிச் சூடேறினால் வரும் ஆவி கிளியைச் சில நிமிடங்களில் கொல்லும்; கொசுவத்தி, சாம்பிராணி, அறை நறுமணத் தெளிப்பான் ஆகியவற்றையும் கூண்டு இருக்கும் அறைக்குள் விடாதீர்கள்.

நிறைந்திருக்கும் தீனிக்கிண்ணம்

வெளியூர் போகும்போது 'கிண்ணம் நிறைய இருக்கிறது' என்று பக்கத்து வீட்டார் சொல்வதை நம்ப வேண்டாம். கிளி விதையை உடைத்து உமியைக் கிண்ணத்திலேயே போடும். மேலே இருப்பது முழுக்க உமியாக இருக்கும். தினமும் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

விதை மட்டுமே கொடுப்பதும் தவறுதான். உரித்த சூரியகாந்தி விதையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு. உயிர்ச்சத்து 'ஏ' கிட்டத்தட்ட இல்லை. முருங்கைக்கீரை, கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளி, பழுத்த மிளகாய் ஆகியவற்றைக் கொடுங்கள். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. அவகேடோ பழமும் பூஞ்சை பிடித்த வேர்க்கடலையும் நஞ்சு. புதிய உணவுக்கு ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழகாத தீனியின் எதிரில் கிளி பட்டினி கிடக்கும்.

புதிய பறவையை அன்றே பழைய கூண்டில் விடுதல்

சந்தைக் கூண்டில் பத்துக் கடையின் பறவைகள் கலந்திருக்கும். கிளி தன் நோயைக் கடைசிவரை வெளிக்காட்டாது; இறகு உப்பி உட்காரத் தொடங்கும்போது நோய் முற்றியிருக்கும். புதிதாக வந்ததை வேறு அறையில், வேறு கிண்ணங்களுடன், குறைந்தது 30 நாட்கள் தனியாக வைக்க வேண்டும்; பழைய பறவைகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகே புதியதன் பக்கம் போக வேண்டும். கிளிக்காய்ச்சல் எனப்படும் சிட்டகோசிஸ் காய்ந்த எச்சத்தின் தூசி வழியே மனிதருக்கும் தொற்றும் என்பதால், எச்சத்தட்டைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டுத் துடையுங்கள். அந்த முதல் வாரத்திலேயே புதிய எச்சத்துடன் பறவையை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவைகளைப் பார்ப்பதில்லை. பார்ப்பவர் யார், எவ்வளவு தூரம், ஞாயிற்றுக்கிழமை இருப்பாரா என்பதைப் பறவை வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.