டெட்லைன்: பொருள், பிறப்பு, மெயிலில் எழுதும் முறை

தமிழ்வழியில் படித்துவிட்டு பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் சொல் டெட்லைன். கேட்டால் புரிந்துவிடும், மெயிலில் எழுதும்போதுதான் கை தடுமாறும்.

படி 1: பொருள்

ஒரு வேலையை முடித்தே ஆகவேண்டிய கடைசி நேரம். செய்தித்தாளில் காலக்கெடு, பேச்சில் வெறும் கெடு. வாய்தாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது தள்ளிப்போட்டு வாங்கும் தேதி.

படி 2: பிறப்பு

இது கொஞ்சம் கொடூரமான கதை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில்லில் தென் மாநிலங்களின் தரப்பு ஒரு போர்க்கைதி முகாம் நடத்தியது. சுற்றிலும் உயரமான மரச்சுவர். அதற்குச் சுமார் இருபது அடி உட்புறமாக, கட்டைகளை நட்டுக் குறுக்குச் சட்டம் அடித்த தாழ்வான வேலி. கைதி அதைத் தாண்டினால், மேலே நிற்கும் காவலர் சுட்டுவிடலாம். அந்த வேலிக்குப் பெயர்தான் டெட் லைன். போர் முடிந்ததும் முகாம் தலைவர் ஹென்றி விர்ஸ் மீது நடந்த வழக்கின் குற்றச்சாட்டிலேயே இந்தச் சொல் வருகிறது. 1865 நவம்பரில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில், செய்தி வந்துசேர வேண்டிய கடைசி நேரத்தைக் குறிக்க இந்தச் சொல் புழங்கத் தொடங்கியது.

படி 3: கூட வரும் வினைகள்

கெடு வைப்பது செட், கெடுவுக்குள் முடிப்பது மீட், தவறவிடுவது மிஸ். 'ஃபினிஷ் த டெட்லைன்' என்று எழுதாதீர்கள். முடிப்பது வேலையைத்தானே, கெடுவை அல்லவே!

படி 4: பையா, டில்லா?

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். 'ஐ வில் செண்ட் த ரிப்போர்ட் டில் ஃப்ரைடே' என்று எழுதினால், வெள்ளி வரை ரிப்போர்ட்டை அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள் என்றாகிவிடும். வழி சுலபம். மனதில் முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'வெள்ளிக்கிழமைக்குள்' என்று வந்தால் பை. 'வெள்ளிக்கிழமை வரை' என்று வந்தால் டில். ரிப்போர்ட் அனுப்புவது பை ஃப்ரைடே. லீவில் இருப்பது டில் ஃப்ரைடே. தமிழில் 'க்குள்', 'வரை' என்ற பிரிவு ஏற்கெனவே இருப்பதால் இதற்குத் தனி இலக்கணப் புத்தகம் தேவையில்லை.

படி 5: யாருடைய கடிகாரம்?

அமெரிக்க கிளையண்ட் 'ஃப்ரைடே ஈஓடி' (எண்ட் ஆஃப் டே, அன்றைய வேலைநேர முடிவு) என்றால், பெரும்பாலும் அவர் ஊர் வெள்ளி சாயங்காலம். கோடையில் நியூயார்க்கில் மாலை 5 மணி ஆகும்போது பெங்களூரில் சனி அதிகாலை 2.30. குளிர்காலத்தில் அதுவே 3.30. அதனால் பதில் மெயிலில் மணியையும் போட்டு, ஐஎஸ்டி (இந்திய நேரம்) என்றும் சேர்த்துவிடுங்கள்.

படி 6: கெடுவை நீட்டிக் கேட்பது

'குட் வீ எக்ஸ்டெண்ட் த டெட்லைன் டு மண்டே?' போதும். கூடவே, இதுவரை முடிந்தது என்ன, மீதி என்ன என்று ஒரே வரி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, டிரெயின் லேட் என்று நீட்டி முழக்க வேண்டாம். ஆனால் மெயிலைக் கெடுவுக்கு முந்தின நாளே தட்டிவிடுங்கள். மறுநாள் காலையில் கேட்டால் அதற்குப் பெயர் எக்ஸ்டெண்ட் இல்லை, மிஸ்.