‘புத்தி’யைச் சரியாகப் புழங்குவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பசாரில் (சந்தையில்), தோட்டத்து லயத்து வாசலில், காலையில் தொழிலாளர்கள் கூடும் பெரட்டு கலைகிற நேரத்தில் என்று நாள் முழுக்கக் காதில் விழும் சொல் ‘புத்தி’. பேச்சில் பிள்ளைகள் இதைப் பிசகாமல் சொல்கிறார்கள். கட்டுரை எழுத உட்கார்ந்ததும் ‘அவன் நிறைய புத்தி பெற்றான்’ என்று எழுதிவிடுகிறார்கள். பொருள் அவர்களுக்குத் தெரியும். பின்னால் வரவேண்டிய வினைதான் நழுவுகிறது. வீட்டில் சொல்லித்தரும் பெற்றோரும் டியூஷன் ஆசிரியர்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.

வினையை முதலில் பாருங்கள்

புத்தி வரும், போகும், கெடும், தெளியும், மழுங்கும், பேதலிக்கும். அறிவு வளரும், பெருகும். அறிவைத் தேடலாம், பெறலாம். ஒருவருக்குப் புத்தி சொல்லலாம். ‘அறிவு சொன்னார்’ என்று யாரும் பேசுவதில்லை. அங்கே ‘அறிவுரை’ வேண்டும். இந்த இரண்டு வரிசையையும் பிள்ளையைச் சத்தமாகச் சொல்லவிடுங்கள். காதுக்கு இடறுவது எழுத்திலும் தவறாகத்தான் இருக்கும்.

அறிவு என்பது சேர்த்து வைத்தது. சேர்த்ததைக் கொண்டு எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதைத் தீர்மானிப்பது புத்தி. கோயில் சமய வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு இது எளிதில் புரியும். சைவ சித்தாந்தம் அந்தக்கரணங்களை, அதாவது உள்ளே இருந்து வேலை செய்யும் கருவிகளை, மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என நான்காகப் பிரிக்கிறது. மனம் ஒன்றைப் பற்றும். இது இன்னதுதான் என்று நிச்சயிப்பது புத்தியின் வேலை. நிறையப் படித்த ஒருவரைப் பற்றியும் ‘அறிவு இருக்கு, புத்தி இல்லை’ என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வதில் முரண் எதுவும் இல்லை.

பேச்சில் எடுக்கும் பொருள்கள்

அனுபவத்தால் தெளிவது ஒன்று. ரப்பர் ஒட்டுப்பாலை நிறுத்துப் பார்க்காமல் கொடுத்து ஏமாந்தவர் மறுமுறை தராசு முள் நிற்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். அவருக்கு ‘புத்தி வந்துவிட்டது’. போன பணத்துக்குப் பெயர் ‘புத்திக்கொள்முதல்’. கட்டுரையில் ஒரு நட்டத்தைச் சொல்லி முடிக்கும்போது இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது கடினம். பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள், புழக்கம் குறைந்துகொண்டே வருகிறது.

அடுத்தது குணம். ‘அவன் புத்தியைக் காட்டிட்டான்’ என்றால் எப்போதும் கெட்ட குணம்தான் வெளிப்பட்டிருக்கிறது. பரிசு வாங்கிய மாணவனைப் பாராட்ட இதை எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். குறுக்குப் புத்தி, நரிப்புத்தி, திருட்டுப் புத்தி எல்லாம் இந்தக் கூட்டம். ‘எனக்குப் புத்தி தெரிஞ்ச நாள்லேர்ந்து’ என்பதில் அது விவரம் அறியும் வயது. ‘சொல்புத்தியும் இல்லை, சுயபுத்தியும் இல்லை’ என்பது பிறர் சொல்வதையும் கேட்காமல், தானாகவும் யோசிக்காமல் இருப்பவரைக் குறிக்கும். ‘என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்’ என்பது தன்னையே நொந்துகொள்வது. பேச்சோடு நிற்கட்டும், தேர்வுத்தாளுக்கு வேண்டாம்.

மலாயில் சறுக்கும் இடம்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய குழி. மலாயில் ‘புடி’ என்ற சொல் இருக்கிறது. அதுவும் நம் ‘புத்தி’யும் வடமொழியின் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. விழித்தல், உணர்தல் என்ற பொருளுடைய வேர் அதற்கு; ‘புத்தர்’ என்ற பெயரும் அந்த வேர்தான். ஆனால் மலாயில் அந்தச் சொல் பெரும்பாலும் நற்பண்பு, செய்த உதவி என்ற பக்கம் போய்விட்டது. ‘ஓராங் பெர்புடி’யைப் புத்திசாலி என்று மொழிபெயர்க்கக் கூடாது, அவர் பண்புள்ளவர். ‘புடி பஹாசா’ நன்னடத்தை. ‘ஹூத்தாங் புடி’ நன்றிக்கடன். பொன் கடனை அடைத்துவிடலாம், புடிக் கடன் சாகும்வரை கூடவே வரும் என்று பந்துன் என்னும் பழைய மலாய்ச் செய்யுள் ஒன்று சொல்கிறது. அங்கே ‘புத்திக் கடன்’ என்று போட்டுப் பார்த்தால் பிழை உடனே தெரியும்.

நம் ‘புத்தி’க்கு நெருக்கமாக வரும் மலாய்ச் சொல் ‘ஆக்கால்’. அது அரபியிலிருந்து வந்தது. ‘சாரி ஆக்கால்’ என்பதைப் ‘புத்தியைத் தேடு’ என்று எழுதாதீர்கள். ‘வழி யோசி’ என்பதே தமிழ்.

மலாய்ச் செய்தித்தாளில் வேறு இரண்டு வரும். ‘ரிசிக்கான்’ என்றால் உளவு. ‘கெச்சர்டாசான் புவாத்தான்’ செயற்கை நுண்ணறிவு. இரண்டிலும் ‘புத்தி’க்கு வேலை இல்லை.

யாரிடம் சொல்லலாம்

புத்தி சொல்வது மூத்தவர் இளையவருக்குச் செய்வது. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் தண்டலிடமோ பெரியப்பாவிடமோ ‘உங்களுக்கு ஒரு புத்தி சொல்றேன்’ என்றால் மரியாதைக் குறைவு. ‘ஐயா, ஒரு யோசனை தோணுது, சொல்லட்டுமா?’ என்று கேளுங்கள். பள்ளிக்கு எழுதும் கடிதத்தில் ‘ஆலோசனை’ பொருந்தும். ‘புத்தி இருக்கா?’ என்பது யாரிடம் கேட்டாலும் திட்டுதான்.

‘புத்தி சரியில்லாதவர்’ என்று யாரையும் எழுதவேண்டாம். அது ஆளைப் புண்படுத்துகிறது, போதாததற்கு இரு வேறு நிலைகளைக் குழப்பவும் செய்கிறது. மனநோய் உள்ளவரை ‘மனநலம் பாதிக்கப்பட்டவர்’ என்றும், பிறவியிலிருந்தோ சிறு வயதிலிருந்தோ கற்றலும் புரிதலும் மெதுவாக உள்ளவரை ‘அறிவுசார் குறைபாடு உள்ளவர்’ என்றும் பிரித்து எழுதுங்கள்.

‘பெண் புத்தி பின் புத்தி’ என்ற பழமொழி இன்னும் சில பயிற்சித் தாள்களில் தலைகாட்டுகிறது. அதை நீக்கிவிட்டுப் ‘புத்திமான் பலவான்’ என்பதைக் கொடுங்கள்.

எழுத்துப் பிழைகள்

ஒற்று மிகும், மிகா இடங்கள்தான் மதிப்பெண்ணைக் குறைக்கும். ‘குறுக்குப் புத்தி’யில் ப் வரும். ‘கெட்ட புத்தி’, ‘நல்ல புத்தி’, ‘சின்ன புத்தி’ இவற்றில் வராது, முன்னால் நிற்பது பெயரெச்சம். ‘புத்தி சொன்னார்’ என்பதில் ச் இல்லை. ஐ உருபு சேர்ந்து ‘புத்தியைச் சொன்னார்’ என்றானால் ச் உண்டு. ‘புத்திசாலி’, ‘புத்திசாலித்தனம்’ இரண்டிலும் ‘புத்தி’க்குப் பின் ஒற்றுப் போடாதீர்கள். ‘புத்திமதி’ ஒரே சொல், பிரித்து எழுதக் கூடாது. ‘புத்திரன்’ மகனைக் குறிக்கும் வேறு சொல். எழுத்து ஒத்துப்போகிறது என்று அதை இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட வேண்டாம்.