தனியாளாக நெல்லைக் கடற்கரை: திருச்செந்தூர் முதல் கன்னியாகுமரி வரை, குறைந்த செலவில்

திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு எப்படிப் போவது என்று நம்ம ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேன் பிடித்து, புளியோதரை கட்டி, மொட்டை போட்டு, கடலிலும் நாழிக்கிணற்றிலும் குளித்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஒத்தை ஆளாக முதுகில் ஒரு பையோடு கிளம்பி, அங்கிருந்து கடலோரமாகவே மணப்பாடு, உவரி, இடிந்தகரை என்று தெற்கே இறங்க நினைக்கும்போதுதான் கேள்விகள் வரும். அதில் பெரிய கேள்வி, ராத்திரி எங்கே படுப்பது என்பது. எனக்குச் சரிப்பட்டு வந்த வழியைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவதுதான்.

நான் நெல்லைக் கடற்கரை என்று சொல்வது பழைய கணக்கில். தூத்துக்குடி 1986ல் தனி மாவட்டமாகிவிட்டது. ஆனால் காயல்பட்டினத்திலிருந்து கூடங்குளம் தாண்டிவரை பேச்சும் குழம்பும் ஒரே சீமைதான்.

1. மாதம் பார்ப்பது

தை, மாசி, பங்குனி. இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. மார்கழியிலும் நம்ப முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது அப்போதுதான். ஆனி, ஆடியில் மேல்காற்று. தேரி என்கிற செம்மணல் மேட்டுப் பக்கம் போனால் வாயைத் திறக்க முடியாது, பல்லில் மண் நறநறக்கும். பங்குனியில் போனால் இன்னொரு லாபம், பதனி (பதநீர்) இறங்கத் தொடங்கியிருக்கும்.

கந்த சஷ்டி, வைகாசி விசாகம், குலசை (குலசேகரப்பட்டினம்) தசரா, பௌர்ணமி, இந்த நாட்களைத் தவிருங்கள். பௌர்ணமி ராத்திரி திருச்செந்தூர் கடற்கரையில் தங்கும் கூட்டம் இப்போதெல்லாம் திருவிழாக் கூட்டம்தான். திருவிழாவையே பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அது வேறு பயணம், வேறு பட்ஜெட்.

2. பை

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ள முடிகிற பை போதும். முப்பது லிட்டருக்கு மேல் வேண்டாம். மலையேற்றப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் கேட்பார், ஊர் முழுக்க உங்களையே பார்க்கும்.

உள்ளே என்ன வைப்பது என்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. கனமான டர்க்கி டவல் வேண்டாம், கடலோர ஈரத்தில் அது காயவே காயாது. ஈரிழைத் துண்டு இரண்டு எடுங்கள். துவட்டவும் தலையில் கட்டவும் சீட்டில் இடம் போடவும் ஆகும். ராத்திரிக்கு ஒரு சாரம் (கைலி). ஷூ வேண்டாம், பின்னால் வார் உள்ள செருப்பு நல்லது. பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் தனியாக வையுங்கள். போனில் பணம் அனுப்புவது எல்லாக் கடையிலும் உண்டுதான், ஆனால் சிக்னல் போகிற இடத்தில்தான் பசிக்கும்.

கூடாரம் வேண்டவே வேண்டாம். மீனவர் ஊர்களில் கடற்கரை என்பது வேலை பார்க்கிற இடம். வலை காயும், வள்ளம் ஏறும், கருவாடு கிடக்கும். அங்கே போய்க் கூடாரம் அடிப்பது அடுத்தவர் களத்தில் பாய் விரிப்பதுதான். கடலோரக் காவல் ரோந்தும் உண்டு.

3. படுக்கை (இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்)

திருச்செந்தூரில் லாட்ஜ் கவுன்டரில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"தம்பி ஒத்தையிலயா வந்திருக்கீய?"

"ஆமா அண்ணாச்சி."

"ரூம் ஒண்ணும் காலி இல்லையே."

அவர் முதுகுக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கோபப்பட்டுப் பயனில்லை. கோயில் ஊர்களில் தனியாக அறை எடுத்து உயிரை விட்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு விடுதிக்காரர்தான் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும். உங்கள் பணத்தின் மேலோ ஜாதகத்தின் மேலோ அவருக்குச் சந்தேகமில்லை. நாளைக் காலையில் நீங்கள் நடந்து வெளியே வருவீர்களா என்பதுதான் அவர் கவலை. இது புரிந்துவிட்டால் மீதி சுலபம்.

முதலில், நேரம். ராத்திரி எட்டு மணிக்குப் போய் நிற்காதீர்கள். காலையில் ஆட்கள் அறையைக் காலி செய்யும் நேரத்தில், குளித்த முகத்தோடு போங்கள். ஆதார் அசலும் ஒரு நகலும் கையில் இருக்கட்டும். அவர் கேட்பதற்கு முன்பே வீட்டு நம்பரைச் சொல்லி, "வேணும்னா ஒரு வார்த்தை பேசிக்கிடுங்க" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் பேச மாட்டார்கள், சொன்னதே போதும்.

அடுத்தது எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி. அறை கேட்பதற்கு முன்னால் நாளையைப் பற்றிக் கேளுங்கள். "அண்ணாச்சி, காலைல உவரிக்கு மொத பஸ் எத்தன மணிக்கு? மணப்பாட்டுல எறங்கிட்டுப் போலாமா?" நாளைய பஸ்ஸைப் பற்றி விசாரிக்கிறவனைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அவரே வழி சொல்லத் தொடங்குவார், வழி சொல்லி முடிக்கும்போது சாவி மேசைக்கு வந்திருக்கும். எல்லா இடத்திலும் வராது. ஆனால் பலிப்பதுதான் அதிகம்.

ஆன்லைனில் பதிவு செய்துவிட்டோம் என்று நிம்மதியாகப் போகாதீர்கள். விடுதிக்கே போன் போட்டு "ஒரு ஆள்தான் வாரேன்" என்று சொல்லி, சரி என்று வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். ஒரு விடுதியில் எனக்குப் பணம் கட்டிய ரசீதைப் பார்த்த பிறகும் இடமில்லை என்றார்கள்.

இத்தனையும் வேண்டாம் என்றால், திருநெல்வேலி ஜங்ஷனிலேயே அறை எடுங்கள். அங்கே விற்பனைப் பிரதிநிதிகளும் பரீட்சை எழுத வருகிறவர்களும் வந்து போய்க்கொண்டே இருப்பதால் தனியாள் என்பது செய்தியே இல்லை. அங்கிருந்து திருச்செந்தூருக்குப் பயணிகள் ரயில். டிக்கெட் பஸ்ஸை விட மிக மலிவு. ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி என்று வாழைத்தோட்டமும் குளமுமாக ஜன்னலில் வந்துகொண்டே இருக்கும். பஸ்ஸை விட ரயிலுக்குத்தான் என் ஓட்டு.

ஆக என் திட்டம் இது. தினம் ஒரு ஊரில் அறை தேட வேண்டாம். வடக்கே ஜங்ஷன் அல்லது திருச்செந்தூர், தெற்கே கன்னியாகுமரி, இந்த இரண்டு இடத்தில் மட்டும் படுக்கை. நடுவில் உள்ளதையெல்லாம் பகலில் பாருங்கள்.

4. விலக்கில் இறங்குவது

திருச்செந்தூரிலிருந்து குலசேகரப்பட்டினம், உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரிப் பக்கம் போகும் பஸ்கள் உண்டு. ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஊருக்குள்ள போவுமா, விலக்குலயா?" வெளியூர் பஸ் பல ஊர்களுக்குள் நுழையாது. மெயின் ரோட்டு விலக்கில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து நடை, அல்லது ஷேர் ஆட்டோ. வெயிலில் அந்த நடைக்குத் தண்ணீர் வேண்டும். போனில் உள்ள வரைபடம் ரோட்டைச் சரியாகக் காட்டும், பஸ் நேரத்தை நம்பக்கூடாது. திரும்பும் பஸ்ஸை இறங்கிய உடனேயே விலக்கு டீக்கடையில் கேட்டு ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

திருச்செந்தூர் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் பையையும் போனையும் அறையிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. நாள் முழுக்க அன்னதானம் உண்டு. கூச்சப்படாமல் உட்காருங்கள்.

குலசையில் முத்தாரம்மனைப் பார்த்துவிட்டு நகருங்கள். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது இந்த ஊர்ப் பக்கம்தான். வேலிப் பக்கம் போய் எட்டிப் பார்க்க வேண்டாம்.

மணப்பாட்டுக்கு அரை நாள் கொடுங்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்பாறைக் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், 1581ல் கட்டியது. கீழே, 1542ல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. குன்றின் மேல் நின்றால் ஒரு பக்கம் அலை அடித்து நொறுங்கும். மறுபக்கம் வளைவுக்குள் தண்ணீர் அடங்கிக் கிடக்க, மணலில் வண்ண வண்ணமாகப் படகுகள். சாயங்காலம் போங்கள், உச்சி வெயிலில் அந்தப் பாறையில் நிற்க முடியாது.

உவரியில் இரண்டு கூட்டங்களைப் பார்க்கலாம். அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை வருபவர்கள் ஒன்று. சுயம்புலிங்க சுவாமி கோயிலில் கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து கொட்டி நேர்த்திக்கடன் தீர்ப்பவர்கள் இன்னொன்று. பெட்டியிலிருந்து ஈர மண் கழுத்து வழியாக ஒழுகிக்கொண்டே இருக்கும், யாரும் துடைத்துக்கொள்வதில்லை. கப்பலும் விமானமுமாகக் கட்டிய கப்பல் மாதா கோயிலும் இங்கேதான். படம் எடுக்க எல்லோரும் கூடுவது அங்கே.

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பக்கம் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

5. தேரி, பதனி

கடற்கரைப் பயணத்தில் தேரி எதற்கு என்று கேட்காதீர்கள். திருச்செந்தூரிலிருந்து காயாமொழி வழியாக உள்ளே போனால் கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்மணல் மேடுகள். இரும்பு ஆக்சைடு படிந்த மணல், அதனால்தான் அந்தச் சிவப்பு. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலை அடையாளமாக வைத்துக்கொண்டு சுற்றுங்கள். விடியற்காலையில் போய் ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் மணல் காலைப் பொரித்துவிடும். எல்லா மேடும் ஒன்று போலவே தெரிவதால் பாதையை விட்டுத் தனியாக உள்ளே நடக்காதீர்கள்.

திரும்பும் வழியில் பதனி. டம்ளரில் வேண்டாம், பட்டையில் கேளுங்கள். பச்சைக் குருத்தோலையை இரண்டு பக்கமும் மடக்கி, ஈர்க்கால் கட்டித் தருவார்கள். வாய் வைக்கும் இடத்தில் ஓலை வாசமும் சுண்ணாம்பு வாசமும் சேர்ந்து வரும். காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் புளிக்கத் தொடங்கும். வீட்டுக்கு ஏதாவது வாங்க நினைத்தால் உடன்குடி கருப்பட்டி, 2023ல் புவிசார் குறியீடு பெற்றது. உடைத்துப் பார்த்து வாங்குங்கள். உள்ளே மினுமினுத்தால் சீனி கலந்தது என்பார்கள்.

6. சாப்பாடும் குளிப்பும்

மீனவர் ஊரில் மீன் சாப்பாடு எளிதில் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். மீன் வீட்டில் சமைப்பார்கள் அல்லது ஏலத்தில் போய்விடும். சாப்பாட்டுக் கடை இருப்பது திருச்செந்தூர், உடன்குடி, திசையன்விளை மாதிரி ஊர்களில். மத்தியானத்துக்கு அங்கே வந்துவிடும்படி சுற்றுங்கள். குழம்பு சாப்பாட்டோடு வரும், பொரித்த மீன் தனிக்காசு, விலையைக் கேட்டுவிட்டுத் தட்டில் வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகுகள் போகும் என்பதால் மீன் இருக்கும், விலைதான் ஏறியிருக்கும்.

அறை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் என்று நான் கணக்குப் போடுவேன். அதில் அறைக்குத்தான் பாதிக்கு மேல் போகும்.

கடலில் குளிப்பதை மட்டும் தனியாளாக இருக்கும்போது முழங்கால் அளவோடு நிறுத்துங்கள். இந்தக் கரையில் காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கடல் ஏறும், கள்ளக்கடல் என்பது அதுதான். எங்கோ தொலைவில் அடித்த புயல் கிளப்பிய அலை இங்கே வந்து சேர்வது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை கொடுக்கிறது, செய்தியில் வரும். அதையும் விட எளிது, கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் கேட்பது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

பிற்சேர்க்கை: பெண்கள் தனியாகப் போக முடியுமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். என் தோழி ஒருத்தி போய்வந்து சொன்னதை வைத்துச் சொல்கிறேன். பகல் பயணத்தில் தொந்தரவு இல்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது. அறைதான் ஆண்களை விடக் கூடுதல் சிக்கல். அவள் தெற்கே கன்னியாகுமரி விவேகானந்தபுரம் வளாகத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்துத் தங்கினாள், வடக்கே பாளையங்கோட்டையில் தெரிந்தவர் வீட்டில். தெரிந்தவர் யாரும் இல்லை என்றால் வடக்குப் பாதியை ஜங்ஷனிலிருந்து ஒரு பகலில் முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: வாடகை பைக் எடுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். தை, மாசியில் எடுங்கள். ஆனி, ஆடியில் கூடங்குளம் பக்கம் காற்றாலை சுற்றுகிற காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், கூடவே ரோட்டில் மணலும் படிந்திருக்கும். அந்த மாதங்களில் பஸ்தான், ஜன்னல் சீட்டு கிடைத்தால் கடல் பக்கமாக இடது கைப் பக்கம் உட்காருங்கள்.