வீராம் எத்தனை ஜிபி வேண்டும்? கார்டு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பழைய கிராபிக்ஸ் கார்டு தேடுகிறீர்களா? மாடல் பெயரோடு நிறுத்தாமல் வீராம், அதாவது கார்டிலேயே உள்ள மெமரி, எத்தனை ஜிபி என்றும் கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் 3060 என்ற ஒரே பெயரில் 12 ஜிபியும் உண்டு, 8 ஜிபியும் உண்டு. 8 ஜிபி கார்டில் மெமரி பஸ்ஸும் (மெமரிக்கும் சிப்புக்கும் இடையே தரவு ஓடும் பாதை) 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைந்துவிட்டது. விலை நன்றாகக் குறைந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள்.

1080பி திரைத் தெளிவுக்கு 8 ஜிபி, டெக்ஸ்சரை (சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டும் படங்கள்) அல்ட்ராவில் வைக்காதவரை, பெரும்பாலும் ஓடும். 1440பி என்றால் 12. 4கே, ரே டிரேசிங் (ஒளியும் நிழலும் நிஜம் போலத் தெரியச் செய்வது) இரண்டும் வேண்டுமென்றால் 16. வேலரண்ட் போன்ற லேசான கேம் மட்டும் ஆடுபவருக்கு 4 ஜிபியே தாராளம்.

வீராம் நிறைந்தால் மிச்சம் கணினியின் சாதாரண ராமுக்குப் போகிறது. அங்கிருந்து பிசிஐஇ (கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் பாதை) வழியாக வருவது பல மடங்கு மெதுவு. அதனால்தான் சராசரி எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்கு வரும் படங்கள்) நன்றாக இருந்தும், கேமராவைத் திருப்பும்போது படம் வெட்டி வெட்டி நிற்கிறது. சில கேம்கள் வெட்டாது. சுவரும் தரையும் மங்கலாகவே இருந்துவிடும்.

சோதிக்க, அரை மணி நேரம் ஆடிவிட்டு டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், ஜிபியு என்று போங்கள். டெடிகேட்டட் மெமரி (வீராம்) விளிம்பைத் தொட்டு, ஷேர்டு மெமரியும் (ராமிலிருந்து எடுப்பது) ஏறிக்கொண்டே போனால் வீராம் போதவில்லை. டெடிகேட்டட் மட்டும் நிறைந்திருந்தால் பயப்பட வேண்டாம்; கேம்கள் தேவைக்கு மேலேயே பிடித்து வைக்கும்.

போதவில்லை என்றால் முதலில் டெக்ஸ்சரை ஒரு படி இறக்குங்கள், பிறகு ஃபிரேம் ஜெனரேஷனை (இடையிடையே கூடுதல் படங்களை உருவாக்கும் வசதி) அணைத்துவிடுங்கள், அதுவும் வீராம் தின்னும். மாற்றியதும் கேமை மூடித் திறங்கள்.